அரசு டெண்டர்: விலை மட்டுமா, தரமும் சேர்ந்தா?

இந்திய அரசுப் பணிகளில் பழகிய வழி எல்-1. தொழில்நுட்ப உறையில் (தகுதி, அனுபவம் காட்டும் ஆவணங்கள்) தேறியவர்களில் யார் விலை குறைவோ, அவருக்கே வேலை. தணிக்கைக்குப் பயந்த அதிகாரிக்கு இதுதான் பாதுகாப்பு. சிக்கல் பிறகுதான் வரும்: கட்டுப்படியாகாத விலை போட்டவர் தார் அளவைக் குறைப்பார், கூடுதல் வேலை என்று பில் நீட்டுவார், இல்லையேல் பாதியில் நிறுத்திவிட்டு வழக்குப் போடுவார்.

மற்றது கியூசிபிஎஸ்: தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண். ஆலோசகர் தேர்வில் முன்பே இருந்ததைக் கட்டுமானப் பணிகளுக்கும் மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் அனுமதித்தது. தரத்தின் பங்கு அதிகபட்சம் 30 சதவீதம், மீதி விலைக்கு.

அது எவ்வளவு சொற்பம் என்பது கணக்குப் போட்டால் தெரியும். குறைந்த விலைக்கு முழு 100 மதிப்பெண், மற்றவருக்கு அந்த விகிதத்தில்; அதில் 70 சதவீதமும் தர மதிப்பெண்ணில் 30 சதவீதமும் கூட்ட வேண்டும். 'அ' கேட்பது 100 லட்சம், தரம் 90. 'ஆ' 90 லட்சம், தரம் 70. 'அ'வுக்கு 27+63=90. 'ஆ'வுக்கு 21+70=91. தரத்தில் 20 மதிப்பெண் பின்தங்கியும் 'ஆ'வுக்கே வேலை!

கியூசிபிஎஸ்ஸில் ஓட்டை இருப்பது மதிப்பெண் போடும் குழுவில். 'அணுகுமுறை' என்று பொத்தாம்பொதுவாக விட்டால் வேண்டியவருக்கு வாரி வழங்கலாம். முடித்த பணிகள், சொந்த இயந்திரங்கள் என எண்ணக்கூடியவற்றுக்கே மதிப்பெண் வேண்டும், அதுவும் டெண்டர் ஆவணத்திலேயே. தெருச்சாலைக்கு எல்-1 போதும், அடிமாட்டு விலை போட்டவரிடம் விலைப் பகுப்பாய்வு (எந்த வேலைக்கு எவ்வளவு என்ற கணக்கு) கேட்டு வாங்கினால். சுரங்கப்பாதைக்கும் பெரிய பாலத்துக்கும் கியூசிபிஎஸ்.