12 ஃப்ரெட், ஷார்ட் ஸ்கேல்: பதினாலு மாதம் வாசித்த பிறகு

இதற்கு முன்னால் ஒன்பது வருடம் ட்ரெட்நாட் என்ற பெரிய வகைக் கிட்டார்தான் வாசித்தேன். பெரிய வயிறு, பெரிய சத்தம். வலது கையை அதன் விளிம்புக்கு மேலே தூக்கிப் போட்டு வாசித்து வாசித்து ஒரு கட்டத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தலை வாரக்கூட கை மேலே போகவில்லை. அப்போதுதான் சின்ன பாடி கிட்டார்கள் பக்கம் திரும்பினேன். கடைசியில் வாங்கியது 00 அளவு. முகப்பு ஸ்ப்ரூஸ், பின்பக்கமும் பக்கவாட்டும் மஹோகனி, ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 24.9 அங்குலம், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் அகலம் 44.5 மி.மீ. தயாரிப்பாளர் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் முக்கால்வாசி இந்த அமைப்புக்கே சொந்தமானவை.

12 ஃப்ரெட் என்றதும், "மொத்தமே பன்னிரண்டுதானா? மிச்சத்துக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டான் என் தம்பி. கிட்டாரின் கழுத்தில், அதாவது நெக்கில், குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்; மொத்தம் 19 இருக்கிறது. நெக் பாடியோடு சேரும் இடம்தான் பன்னிரண்டாவது ஃப்ரெட்; இப்போது நாம் சாதாரணமாகப் பார்க்கும் கிட்டார்களில் அது பதினாலாவது. ஒரு காலத்தில் 12தான் வழக்கம். பேஞ்சோ வாசித்தவர்கள் மேல் ஃப்ரெட்டுகள் கைக்கு எட்ட வேண்டும் என்று கேட்டதால் 1929இல் மார்ட்டின் என்ற கிட்டார் நிறுவனம் 14 ஃப்ரெட் ஓஎம் மாடலைக் கொண்டுவந்தது. 1934 வாக்கில் அவர்களுடைய பெரும்பாலான மாடல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. நான் ஒன்பது வருடம் திட்டிக்கொண்டே வாசித்த ட்ரெட்நாட்கூட 1916இல் பிறந்தபோது 12 ஃப்ரெட்தான். கிளாசிக்கல் கிட்டார்காரர்கள் மட்டும் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

சரி, கைக்கு எப்படி இருக்கிறது? வாங்கும் முன் நான் படித்த இடத்தில் எல்லாம் "ஷார்ட் ஸ்கேல், அதனால் சுலபம்" என்றுதான் எழுதியிருந்தது. நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். வாங்கிய மறுநாள் அளவுகோலை எடுத்துப் பழையதையும் புதியதையும் அளந்து பார்த்தேன். முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் விரலை விரிக்கும் தூரம் பழையதன் 25.4 அங்குல ஸ்கேலில் கிட்டத்தட்ட 97 மி.மீ., 24.9இல் 95. ரெண்டே மில்லிமீட்டர்! இதற்கா இத்தனை புகழ்?

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பாடியின் விளிம்பிலிருந்து நட் வரை அளந்தால் பழையது 358 மி.மீ., புதியது 316. இந்த 42இல் 35 மி.மீ. 12ஆவது ஃப்ரெட் இணைப்பால் வந்தது, ஸ்கேலின் பங்கு மீதி ஏழுதான். 12 ஃப்ரெட் பாடிகளுக்குத் தோள் பக்கம் கொஞ்சம் நீளம் கூடுதலாக இருப்பதுண்டு, அதனால் முழு லாபமும் கைக்கு வந்து சேராது. ஆனாலும் மடியில் வைத்துப் பார்த்தால் முதல் ஃப்ரெட் ரெண்டு விரல் அகலம் உள்ளே வந்திருக்கிறது. இடது முழங்கை விலாவை ஒட்டித் தொங்குகிறது. ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் பார் கார்டு பிடிக்க மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. வலது தோள் நன்றி சொன்னது சின்ன பாடிக்கு, இடது கை நன்றி சொன்னது 12ஆவது ஃப்ரெட்டுக்கு. ஷார்ட் ஸ்கேல் நடுவில் நின்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

கம்பி மெத்தென்று இருக்கும் என்பார்களே, அது உண்மை, ஆனால் அளவோடு. ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை மாறும். 25.4இலிருந்து 24.9க்கு வந்தால் சுமார் 4 சதவீதம் குறைகிறது. அதே நீளக் கிட்டாரில் முதல் கம்பியின் தடிமனை 12இலிருந்து 11க்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) மாற்றினாலே 16 சதவீதம் குறையும். விரல் நுனி வலிக்கிறது என்பதற்காக மட்டும் யாராவது புது கிட்டார் வாங்கப்போனால், முதலில் ஒரு செட் மெல்லிய கம்பி வாங்கிப் பாருங்கள்.

இனி நாதம். நான் இந்தக் கிட்டாரை விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இதுதான். நெக் உள்ளே போகும்போது, பாடியில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜும் சேர்ந்து கீழே நகர்கிறது. ஒலித்துளையை ஒட்டி நிற்காமல், கீழ்ப்பக்கம் பாடி அகலமாக விரியும் பகுதியின் நடுவை நெருங்கி உட்காருகிறது. மரம் நன்றாக அசைந்து கொடுக்கும் இடம் அது. ஏ மைனரைப் பிடித்துக் கட்டைவிரலால் ஐந்தாவது கம்பியைத் தட்டி, மோதிர விரலால் முதல் கம்பியை எடுத்துப் பார்த்தேன். ட்ரெட்நாட்டில் அந்த அடிச்சுரம் அறை முழுக்கப் பரவி மேல் சுரத்தை விழுங்கிவிடும். இதில் அடிச்சுரம் உருண்டையாக, சீக்கிரம் அடங்குகிறது. மேல் சுரம் தனியாக நிற்கிறது. எட்டாவது, பத்தாவது ஃப்ரெட்டில் முதல் கம்பி பழைய கிட்டாரில் மெலிந்து கீச்சிடும். இங்கே அதற்குச் சதைப்பற்று இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல், நகம் படாமல் விரல் சதையால் மட்டும் வாசித்தாலும் பக்கத்தில் இருப்பவர் காதுக்கு ஒவ்வொரு சுரமும் போய்ச் சேர்கிறது. இதை ட்ரெட்நாட்டில் என்னால் செய்யவே முடிந்ததில்லை.

பிக் எடுத்து ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் கதை மாறிவிடும். ஓரளவுக்கு மேல் சத்தம் ஏறாது. கூடுதலாக அடிப்பதெல்லாம் கசகசவென்று குழைகிறது. முதல் மாதம் பழைய பழக்கத்தில் அடித்து அடித்து, வாங்கியதே தப்போ என்று நினைத்தேன். நாலைந்து பேர் சேர்ந்து பாடும் இடத்துக்கு இன்னமும் ட்ரெட்நாட்டைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இன்னொரு குறை ட்ராப் டி ட்யூனிங்கில். ஆறாவது கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கியதும் அது துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்து, ரெண்டாவது ஃப்ரெட்டில் சர்ரென்று அடித்தது. ஏற்கெனவே 4 சதவீதம் தளர்ந்த கம்பியை மேலும் தளர்த்தினால் வேறென்ன ஆகும். மூன்று கம்பிகளை இறக்கும் டாட்காட் ட்யூனிங்கில் இன்னும் மோசம். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே 2 மி.மீ. இடைவெளியாக இருந்த ஆக்‌ஷனை 2.4க்கு ஏற்றிப் பார்த்தேன், பாதிதான் சரியானது. பிறகு 12-53 செட்டில் ஆறாவது கம்பியை மட்டும் 56ஆக மாற்றினேன். சத்தம் நின்றது, அடிச்சுரமும் கொஞ்சம் நிமிர்ந்தது. இறக்கிய ட்யூனிங்தான் உங்கள் வழக்கம் என்றால் 12 ஃப்ரெட்டை விடாமல் 25.4 ஸ்கேலில் தேடுங்கள்; அப்படியும் நிறைய கிடைக்கிறது.

இந்தக் கிட்டாரின் தலை நடுவில் ரெண்டு நீளத் துளை போட்ட பழைய பாணி. பார்க்க அழகு. கம்பி மாற்றும் நாளில் அந்த அழகெல்லாம் மறந்துபோகும். துளைக்குள் விரலை விட்டுக் கம்பியைச் சுற்ற வேண்டும், வெட்டிய நுனி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. முதல் தடவை முக்கால் மணி நேரமும் ரெண்டு பிளாஸ்திரியும் ஆயிற்று. இப்போது இருபது நிமிடம், ஒரு பிளாஸ்திரி.

மேல் ஃப்ரெட் பிரச்சினை எனக்கு அவ்வளவாக இல்லை, பன்னிரண்டைத் தாண்டி நான் அபூர்வமாகத்தான் போவேன். கேப்போ (நெக்கில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுகிறவர்கள் மட்டும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தில் கேப்போ போட்டால் பாடி வருவதற்குள் ஏழே ஃப்ரெட். போன வாரம்கூட ஒரு பாட்டின் நடுவில் சுண்டுவிரல் கேப்போவிலிருந்து எட்டாவதைத் தேடிப் போய் பாடியின் தோளில் முட்டி நின்றது.