எடை நான்கு கிலோ, இடுப்பு பதினொரு சென்டிமீட்டர்: மூன்று ஆண்டு அனுபவம்

எனக்கு வயது 58. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சில பழக்கங்களைக் கடைப்பிடித்ததில் என் இடுப்பளவு 98 சென்டிமீட்டரிலிருந்து 87-க்கு வந்திருக்கிறது. எடையோ நான்கு கிலோதான் குறைந்தது. தராசை மட்டும் நம்பியிருந்தால் முதல் தீபாவளிக்குள் எல்லாவற்றையும் கைவிட்டிருப்பேன்.

மலேசியாவில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர்ப் பால் எடுத்த, காலத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்குத் தொப்பை என்ற பேச்சே இல்லை. விடியுமுன் விளக்கோடு காட்டுக்குள் இறங்கினால் மரத்துக்கு மரம் நடை, குனிவு, பிறகு பால்வாளி சுமை. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியது. நாங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தருகே ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) குடிவந்தோம். சாப்பாடு மட்டும் வெட்டுக்காட்டுச் சாப்பாடாகவே நீடித்தது. போதாததற்கு மாதவிடாயும் நின்றது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த பிறகு பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றைத் தேடி வருகிறது. வயது ஏற ஏறத் தசையும் குறைகிறது. படுத்து எழும் பயிற்சி வயிற்றுத் தசையை உறுதியாக்கும், அதன்மேல் இருக்கும் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது.

உடல் இளைக்கும் என்று இரவுச் சந்தையில் விற்கும் காப்பியை நான் தொடவில்லை. இத்தகைய பொருள்களில் சிபுட்ராமின் என்ற பசியடக்கி கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் பல நாடுகள் விலக்கிய மருந்து அது.

எனக்கு அதிகம் பலன் தந்தது தேநீர்தான். அதாவது, அதிலிருந்த டின்பாலை (இனிப்பூட்டிய கெட்டிப்பால்) விட்டது. டின்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) தே தாரிக் (டின்பால் ஊற்றி ஆற்றிய தேநீர்) என்று குடித்தால், சோற்றைக் குறைத்து என்ன பயன்? முதலில் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) கேட்டேன். கடைக்காரரின் ‘குறைவு’ நம் வீட்டு ‘நிறைவு’. பிறகு மெல்ல மெல்ல ‘தே ஓ கோசோங்’கிற்கு (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) மாறினேன். நாக்கு பழகச் சில வாரம் பிடித்தது. இப்போது பழைய தே தாரிக்கை ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடிவதில்லை. 2019-இல் அரசு இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. அது ஆலையில் தயாராகும் பானத்துக்கு. மாமாக் கடைக் கோப்பையில் நாமேதான் வரி போட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டு விஷயத்தில் அரசு கிளினிக்கில் ஒட்டியிருக்கும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (கால், கால், பாதி) படமே போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ தவ்வோ (சோயாக் கட்டி), பாதித் தட்டு காய்கறியும் பழமும். முதல் வாரம் சோறு அநாதையாகத் தெரிந்தது உண்மை. கங்கோங் கீரையும் கெம்போங் மீனும் கூடியதும் இரவு பத்து மணிக்குப் பிஸ்கட் டின்னைத் தேடுவது தானாக நின்றது.

நடை நல்லதுதான், செம்பனைக் காட்டோரம் நாய்த் தொல்லையைப் பொறுத்துக்கொண்டால். ஆனால் நடை மட்டும் போதவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சொல்கிறது. நான் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறேன், அரிசிப் பையைத் தூக்குகிறேன். இடுப்பை அளக்கும் நாடா நன்றாக அசையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு முழுக்க அளவு நகரவே இல்லை. தீபாவளி முறுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு சென்டிமீட்டரைத் திருப்பித் தருகிறது. ஆசியப் பெண்களுக்கான வரம்பு 80. நான் இன்னும் அங்கே போகவில்லை, போவேனா என்பதும் சந்தேகம். சீனி அளவும் இரத்த அழுத்தமும் இறங்கியிருப்பதால் கவலைப்படவில்லை.

அளக்கும்போது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட பின், நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு வரம்பு 90. என் வீட்டுக்காரர் வயிற்றை எக்கிக்கொண்டு அளக்கிறார். அவர் கணக்கில் அவருக்குத் தொப்பையே கிடையாது.