தாதிமை இல்லத்தில் "ஜெனரேட்டர் இருக்கிறது" என்று சொன்னால் அப்படியே நம்பாதீர்கள்

சிங்கப்பூரில் அம்மா இருக்கும் தாதிமை இல்லத்தில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மின்சாரத்தை நிறுத்தினார்கள். திடீர் மின்தடை இல்லை. சுவிட்ச்போர்டு பராமரிப்புக்காக முன்பே நாள் குறித்துச் செய்த வேலை. மின்தூக்கி பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். கட்டணம் கொஞ்சம் தாமதமானால் வாட்ஸ்அப்பில் விரட்டுகிறவர்கள், இதைப் பற்றி குடும்பத்தாருக்கு ஒரு வரி அனுப்பவில்லை.

அம்மாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் இருக்க முடியாது. நான் போனபோது மெஷின் அலாரம் கத்திக்கொண்டிருந்தது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி 84 காட்டியது, வழக்கமாக 90 பக்கம் இருக்கும். தாதிப் பெண் ஓடிப்போய் சிலிண்டர் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. வேறு மாடியிலிருந்து இன்னொன்று வரும்வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியலப்பா" என்று மட்டும் சொன்னார். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்ட காற்று மெத்தையும் தொய்ந்துவிட்டது. அடியில் கை விட்டால் கட்டிலின் இரும்புதான் தட்டுப்பட்டது.

இத்தனைக்கும் தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தது, மின்தூக்கி ஓடியது. "ஜெனரேட்டர் வேலை செய்யுதே, இங்க ஏன் வரல?" என்று கேட்டேன். "அண்ணா, இந்த பிளக்குக்கு எல்லாம் ஜெனரேட்டர் லைன் கிடையாது" என்றார் அந்தப் பெண். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சேர்க்கும்போது நிர்வாகி சொன்னது வேறு. "24 மணி நேர ஜெனரேட்டர் இருக்கு சார், கவலையே வேண்டாம்." கட்டடங்களில் தீப்பாதுகாப்புக்காக வைக்கும் ஜெனரேட்டர் அவசர விளக்கு, தீயணைப்பு மின்தூக்கி, பம்பு போன்றவற்றுக்குத்தான். படுக்கைக்குப் பக்கத்துச் சுவர் பிளக்குக்கும் அது வரவேண்டுமென்றால் தனியாக லைன் இழுத்திருக்க வேண்டும். நிர்வாகி சொன்னது பொய் இல்லை, ஆனால் எனக்குப் புரிந்த அர்த்தம் பொய். அது அவருக்கும் தெரியும்.

சிங்கப்பூரில் கரன்ட் போவதே அபூர்வம், அதனால் யாரும் கேட்பதில்லை. 2018 செப்டம்பர் 18 விடியற்காலையில் கிட்டத்தட்ட 1,47,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனபோதுகூட 38 நிமிடங்களில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஆக்சிஜனில் இருப்பவருக்கு 38 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் தெரியுமா? பராமரிப்பு நிறுத்தமோ மணிக்கணக்கில் போகும்.

எனவே சேர்க்கும் முன் கட்டில் பக்கத்துக்கே போய், எந்த பிளக் ஜெனரேட்டரில் ஓடும் என்று காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் அதற்குச் சிவப்பு நிறம் இருக்கும். சிலிண்டரின் முள்ளை நீங்களே பாருங்கள். 680 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்தரை மணி நேரம் தாங்கும், நிரம்பியிருந்தால். காற்று மெத்தை சிலவற்றில் குழாயை மூடிக் காற்றைத் தக்கவைக்க வழி உண்டு, அதை ஊழியருக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பில் வந்தது. முழு மாதக் கட்டணம், அதோடு "கூடுதல் ஆக்சிஜன் சிலிண்டர்" என்று தனியாக ஒரு தொகை! அவர்கள் நிறுத்திய மின்சாரத்துக்கு என் அம்மா பணம் கட்ட வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. தாதிமை இல்லங்களுக்கு உரிமம் கொடுப்பது சுகாதார அமைச்சு, அங்கே படங்களோடு புகார் கொடுத்த பிறகுதான் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மின்தடையின்போது என்ன செய்வார்கள் என்ற திட்டத்தை எழுத்தில் கேட்டிருந்தேன். அது இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு வேறு இல்லம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.