இடுப்பில் தூக்கச் சொன்னவர்

இந்த முறை ஊருக்குப் போன மூன்று வாரமும் தங்கை வீட்டில்தான் இருந்தேன். அவள் மகனுக்கு இரண்டரை வயது. பெருமூளை வாதம், கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்வது அம்மா.

முன்பு வீட்டுக்கு வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட், முதல் நாளே அம்மாவிடம், "எந்நேரமும் தூக்கித் தூக்கிக் கெடுக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டாராம். அதன்பிறகு அவர் வரும் நேரம் பார்த்து அம்மா பேரனைத் தூங்கவைத்துவிடுவார். இரண்டு மாதத்தில் எல்லாம் நின்றுபோனது.

நான் போய்ச் சேர்ந்த வாரம்தான் புதிய பிசியோதெரபிஸ்ட் வரத் தொடங்கினார். நேரே அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "காலையில எழுந்ததுல இருந்து பையன் என்னென்ன செய்வான், சொல்லுங்கம்மா" என்று கேட்டு, அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க" என்றார். பச்சைக் குழந்தையைப் போல இரு கைகளிலும் படுக்கவைத்து ஏந்தினார் அம்மா. அப்படி ஏந்தும்போது அவன் உடம்பு வில்லாய்ப் பின்னால் வளைந்தது. அவர் அவனை வாங்கி, கால்களை விரித்து இடுப்பில் உட்காரவைத்தார். கால் விரிந்தால் விறைப்பு தளரும், தலையை நிமிர்த்தவும் பழகுவான் என்றார். "என் பிள்ளைங்களை இப்படித்தான் தூக்கினேன். இவனுக்கு வலிக்குமோன்னு பயம்" என்றார் அம்மா. தூக்கவே கூடாது என்றவரிடம் அந்தப் பயத்தை அவர் எப்படிச் சொல்லியிருப்பார்?

ஊட்டும்போதும் தலை பின்னால் சாயாமல் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். சாய்ந்தால் புரை ஏறும்.

வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், பெற்றோரையே ஆசிரியராக்கும் இந்த வழி பழையதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969-ல் இதையே ஒரு திட்டமாகத் தொடங்கினார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உதவ அமெரிக்காவில் 1986-ல் சட்டமே வந்தது. அதன்படிதான் டவுன் சின்ட்ரோம் உள்ள என் மகளுக்கும் வீட்டுக்கு ஆள் வந்தார்கள். அன்பானவர்கள். ஆனால் ஒருவர், "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி அவளைக் குழப்பும்" என்றார். அது தவறு, இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதில்லை. அது தெரியாமல் ஒரு வருடம் அவளிடம் தமிழை நிறுத்தினோம். போனில் என் அம்மாவிடம் பேச அவளுக்கு ஒரு சொல்கூட இல்லாமல் போனது. எங்கள் வீட்டில் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுவோம் என்று அவர் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

மூன்றாவது வாரம் அந்தப் புதிய பிசியோதெரபிஸ்ட் வந்தபோது, அம்மா பையனை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்றிருந்தார். பையன் விழித்திருந்தான்.