எஸ்2-ஆ, எஸ்3-ஆ? ஸ்பெஷலைஸ்டு எண்டூரோவின் அளவு அட்டவணை: ஒரு மதிப்பீடு

ஸ்பெஷலைஸ்டு சைக்கிள் நிறுவனம் தன் 2020 மாடல் எண்டூரோ மவுன்டன் பைக்கில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்ற பெயர்களைக் கைவிட்டு எஸ்2 முதல் எஸ்5 வரை எண் போட்டது. மவுன்டன் பைக் அளவு முறைகளில் இதுதான் நேர்மையானது என்பது எங்கள் கணிப்பு. ஆனால் அட்டவணையைப் படிக்கத் தெரிந்தால்தான் அந்த நேர்மையால் பயன் உண்டு.

முன்பெல்லாம் 16 இஞ்ச், 18 இஞ்ச் என்று சொன்னது, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் நீளத்தை. உயரமானவருக்கு நீண்ட சீட் டியூப், அதோடு சேர்ந்து நீண்ட வண்டி. ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட் பரவிய பிறகு இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, பெடல் மேல் நின்றே ஓட்டுகிறோம். நிற்கும்போது உடம்புக்குக் கிடைக்கும் இடத்தைச் சொல்வது ரீச்: பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு சுழலும் இடம்) மையத்திலிருந்து ஹெட் டியூப் (ஃப்ரேமின் முன்புறக் குழாய்) உச்சியின் மையம் வரை கிடைமட்டத் தூரம். எண்டூரோவில் எஸ்2 முதல் எஸ்5 வரை இது 437, 464, 487, 511 மி.மீ. என்று ஏறுகிறது. சீட் டியூப் எல்லா அளவிலும் குட்டையாகவே இருப்பதால், 170 செ.மீ. உயரக்காரர் எஸ்2, எஸ்3 இரண்டில் எதையும் எடுக்கலாம். நெருக்கமான வளைவுகள் நிறைந்த பாதையென்றால் எஸ்2. வேகமான, கரடுமுரடான இறக்கமென்றால் எஸ்3. ஆசைப்பட்டு அதற்கும் மேலே போனால் உடம்பு பின்னால் தங்கிவிடும். முன் டயரில் பாரம் குறைந்து, சமதள வளைவில் அது வழுக்கும்.

பலர் தடுமாறுவது டாப் டியூப் (சீட்டுக்கும் ஹெட் டியூபுக்கும் இடையிலான மேல்குழாய்) நீளத்தில். எஃபெக்டிவ் டாப் டியூப் என்பது உட்கார்ந்து மிதிக்கும்போது கிடைக்கும் நீளம். அது சீட் டியூபின் கோணத்தைப் பொறுத்தது. ரீச் 450, ஸ்டாக் என்ற செங்குத்து அளவு 620 மி.மீ. உள்ள இரண்டு ஃப்ரேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் 73 டிகிரி என்றால் டாப் டியூப் சுமார் 640 மி.மீ., 76.5 டிகிரி என்றால் 599. நின்றால் இரண்டும் ஒரே வண்டி, உட்கார்ந்தால் 4 செ.மீ. வித்தியாசம். பழைய வண்டியின் டாப் டியூப் அளவை வைத்துப் புதியதைத் தேடுகிறவர்கள் தேவைக்கு மேல் நீண்ட ரீச்சை வாங்கி வருவது இதனால்தான்.

ஸ்டாக் என்பது ரீச் அளக்கும் அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான செங்குத்து உயரம். இதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் வளையம் சேர்த்தால், ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வு) 65 டிகிரி உள்ள வண்டியில் பிடி 9 மி.மீ. உயரும், 4 மி.மீ. பின்னால் வரும். ஸ்டாக் குறைவான ஃப்ரேமில் ஸ்பேசரை அடுக்கினால் காசு கொடுத்து வாங்கிய ரீச் கரைந்துபோகும். அதற்கு ரைஸ், அதாவது மேல்நோக்கிய வளைவு, கூடுதலான ஹேண்டில்பார் நல்ல வழி.

சீட் டியூபை அடியோடு மறந்துவிடவும் முடியாது. சுவரை ஒட்டி நின்று, ஒரு புத்தகத்தைத் தொடையிடுக்கில் சீட் அழுத்துவதுபோல் வைத்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்தால் இன்சீம். அதை 0.883 ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை உயரம் தோராயமாகக் கிடைக்கும். 780 மி.மீ. இன்சீமுக்கு 689. சீட் டியூப் 420 என்றால் மிச்சம் 269. டிராப்பரின் காலரும் தலையும் 50, சீட் 45 என்று கழித்தால் 174. ஆக 170 மி.மீ. இறங்கும் டிராப்பர் மயிரிழையில் பொருந்தும், 150 தாராளம். 460 மி.மீ. சீட் டியூபில் 125-க்கு மேல் இடமில்லை. போஸ்ட்டின் முழு நீளத்தையும் பார்த்துவிடுங்கள்: சீட் டியூப் உள்ளே வளைந்திருந்தாலோ சஸ்பென்ஷனின் பிவட் (சுழல் மூட்டு) குறுக்கிட்டாலோ முழுதாக இறங்காது.

எண்டூரோ அட்டவணையில் எங்களுக்குப் பிடிக்காதது செயின்ஸ்டே, அதாவது பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் சக்கர அச்சு வரையிலான நீளம். நான்கு அளவுக்கும் ஒரே 442 மி.மீ. முன்பக்க ரீச் 74 மி.மீ. வளரும்போது பின்பக்கம் அசையவே இல்லை. எஸ்2-இல் சமநிலை சரியாக அமைகிறது; எஸ்5 ஓட்டும் நெடியவர் முன் சக்கரத்தில் பிடிமானம் வேண்டுமென்றால் வலிந்து முன்னே சாய வேண்டும். சீட் ஆங்கிளிலும் உயரமானவர்களுக்குத்தான் சங்கடம். சீட்டை உயர்த்த உயர்த்த அது பின்னால் போகும், அட்டவணையில் போட்ட கோணம் அவர்களுக்குக் கிடைக்காது.

எந்த நிறுவனத்தின் அட்டவணையானாலும், பொதுவாக அது ஆள் ஏறாத வண்டியின் அளவு. ஹார்ட்டெயிலில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி) முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 20 மி.மீ. அமுங்கினால் ரீச் சுமார் 10 மி.மீ. கூடும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கமும் சேர்ந்து அமுங்குவதால் மாற்றம் குறைவு. ஹார்ட்டெயிலையும் ஃபுல் சஸ்பென்ஷனையும் எண்ணுக்கு எண் ஒப்பிடாதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? சமதளத்தில் முன் டயரைச் சுவரில் முட்ட நிறுத்தி, சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரையும், ஹெட் டியூப் உச்சியின் மையம் வரையும் கிடைமட்டமாக அளந்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அதுதான் ரீச். அட்டவணையைவிட 10 மி.மீ. குறைந்தால் யாரோ 20 மி.மீ. நீண்ட ஃபோர்க் மாட்டியிருக்கக்கூடும். ஃபோர்க்கின் டிராவல் (அமுங்கும் தூரம்) என்ன, அந்த ஃப்ரேம் அதைத் தாங்க அனுமதி உண்டா என்று விற்பவரிடம் கேட்ட பிறகு விலை பேசுங்கள்.