சர்வீஸ் சென்டரிலிருந்து போனைத் திரும்ப வாங்குகிறீர்களா? ஐஎம்இஐ எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வாரண்டியில் செல்போனைப் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதர்போர்டு, அதாவது போனுக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை, மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தால் கட்டாயம் படியுங்கள். ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைக் கடை ஒன்றில் வாங்கிய போன். வாங்கிய மாதமே, சார்ஜ் போட்டால் தோசைக்கல்லாகச் சூடேறித் தானாக அணைந்துபோனது. கடைக்காரர் பில்லைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "ஏழு நாள் தாண்டிவிட்டது சார், இனி கம்பெனிதான்" என்றார். அந்த ஏழு நாள் கணக்கு பில்லில் எங்குமே இல்லை. பில்லில் கெடு எதுவும் போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சொன்னேன். "சட்டமெல்லாம் கம்பெனியிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார்.

சர்வீஸ் சென்டர் புதுச்சேரியில். முள்ளோடை தாண்டிப் போய், டோக்கன் வாங்கிக் காத்திருந்து கவுண்டருக்குப் போனால், அங்கிருந்த இளைஞர் முதல் வேலையாக சிம் தட்டை உருவி உள்ளே டார்ச் அடித்தார். தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் சின்ன ஒட்டுத்தாள் இந்த மாடலில் அங்கேதான் இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அவர் முகம் கொஞ்சம் வாடியது போல எனக்குப் பட்டது. உடனே அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்களும் எடுத்துவிடுங்கள், ஈரம் பட்டதாகச் சொல்லித்தான் பெரும்பாலும் கையை விரிக்கிறார்கள்.

மதர்போர்டு மாற்ற வேண்டும், இலவசம் என்றார்கள். போர்டு ஆர்டர் செய்திருப்பதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. வழக்கமான இழுத்தடிப்புக்குப் பிறகு போன் கைக்கு வந்தபோது, என்ன வேலை செய்தார்கள் என்று எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. "போர்டு மாற்றியதாகச் சொன்னீர்களே?" என்று கேட்டேன். "சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் சார்" என்றார்கள்.

கொஞ்ச நாளில் மறுபடி அதே சூடு, அதே அணைப்பு. இந்த முறை மேலாளரே கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பில்லில் இருக்கும் ஐஎம்இஐ எண் வேறு, போனில் இருப்பது வேறு. இது நீங்கள் வாங்கிய போனே இல்லை. வாரண்டி கிடையாது." போர்டை மாற்றினால் அந்த எண்ணும் மாறக்கூடும் என்பது அவருக்குத் தெரியாதா? மாற்றியதே அவர்கள்தான்; பதிவு செய்யாமல் விட்டதும் அவர்கள்தான். குறுஞ்செய்தியைக் காட்டியதும் குரல் இறங்கியது, ஆனால் முடிவு மாறவில்லை. "கேஸ் போடுவதென்றால் பாண்டிச்சேரியில் வந்து போடுங்கள்" என்றார்.

மாநில எல்லை தாண்டி யார் அலைவார்கள் என்ற தைரியம்தான். பழைய சட்டத்தில் அந்தச் சங்கடம் இருந்தது. 2019 சட்டத்தின் 34ஆவது பிரிவு, நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

ஆகவே போனைத் திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே *#06# அழுத்தி, வரும் 15 இலக்க எண்ணை பில்லோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் ஜாப் ஷீட்டில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்த பிறகு, கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசினார். நல்லெண்ண அடிப்படையில் இன்னொரு போர்டு மாற்றித் தருவார்களாம். வேண்டாம் என்றேன். புதிய போன், இல்லையென்றால் கொடுத்த பணம் என்று கேட்டுக் கடலூரில் மனு கொடுத்திருக்கிறேன்.