விண்டோஸ் 7-லேயே புது சாஃப்ட்வேர் ஓட வைக்கிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள்: எனக்கு 7,500 ரூபாய் போச்சு

நேற்று சாயந்திரம்தான் கடைசியாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இன்னொருத்தர் மாட்டக்கூடாது என்றுதான் ராத்திரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சென்னை புதுப்பேட்டையில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். பைக், ஆட்டோவுக்குப் பெயர், சாமி படம், பிள்ளைகள் பெயர் என்று வெட்டி ஒட்டித் தருவது தொழில். கட்டிங் மெஷின் 2012-ல் வாங்கியது. அதன் டிரைவர், அதாவது மெஷினைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர், 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸ் 7-ல்தான் ஏறும், விற்ற கம்பெனியும் இப்போது இல்லை. அதனால்தான் சிஸ்டத்தை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கஸ்டமர் அனுப்புகிற டிசைன் லிங்க் பாதி திறப்பதில்லை. விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-தான் கடைசி, 2023 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. போட்டோவைக் கட்டிங்குக்கு ஏற்ற கோடாக மாற்றும் ஒரு புது சாஃப்ட்வேர் ரொம்ப நாளாக வேண்டியிருந்தது, அதுவும் விண்டோஸ் 10 இருந்தால்தான் ஏறுவேன் என்றது. அப்போதுதான் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மாடியில் சிஸ்டம் சர்வீஸ் கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

நான் நம்பிய இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பையன் டீ வரவழைத்துக் கொடுத்தான். கடை கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். கீழே இடது மூலையில் அதே வட்டமான ஸ்டார்ட் பட்டன், நீல நிறப் பின்னணி, என் கடையில் தினமும் பார்க்கிற அதே முகம். என் போனிலிருந்த ஒரு முருகர் படத்தை வாங்கி, எனக்கு வேண்டிய அதே சாஃப்ட்வேரில் போட்டு, வேல் நுனி வரைக்கும் சுத்தமாகக் கோடாக்கிக் காட்டினான். "இது செவன்தானே தம்பி?" என்று நானே கேட்டேன். "ஆமாண்ணா, எங்க கடையிலேயே செவன்தான் ஓடுது. உங்களுக்கும் இதையே பண்ணித் தரேன்" என்றான். 7,500 ரூபாயையும் அங்கேயே ஜிபேயில் போட்டேன்.

ரெண்டு நாள் கழித்து சிபியுவைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் கட்டிங் மெஷின் அசையவே இல்லை. டெஸ்க்டாப் காலி. 12 வருஷத்துக்கும் மேலாக நான் வரைந்து வைத்த கட்டிங் ஃபைல் அத்தனையும், ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டுக்கும் ஒரு ஃபோல்டர் என்று வைத்திருந்தேன், ஒன்றுகூட இல்லை. சி டிரைவை ஃபார்மட் பண்ணி 64 பிட் விண்டோஸ் 7 போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அந்தப் புது சாஃப்ட்வேராவது ஓடுகிறதா என்றால், திறந்தவுடனே கெர்னல்32 என்ற விண்டோஸின் சொந்த ஃபைலில் ஏதோ 'என்ட்ரி பாயின்ட்' கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்து மூடிக்கொள்கிறது.

அக்கா பெண் ஐடியில் இருக்கிறாள், அவள்தான் விளக்கினாள். 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது, அதனால் மெஷின் செத்தது. புது சாஃப்ட்வேர்கள் விண்டோஸ் 8-லும் அதற்கு அப்புறமும் வந்த சில வசதிகளைக் கூப்பிடும், அது செவனின் கெர்னல்32-ல் கிடையாது, எங்கிருந்தோ ஒரு டிஎல்எல் ஃபைலை (சாஃப்ட்வேர்கள் கூப்பிட்டுக்கொள்ளும் துணை ஃபைல்) எடுத்துப் போட்டால் வந்துவிடாது. அந்த இடைவெளியை நிரப்ப விஎக்ஸ்கெக்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறதாம், சில சாஃப்ட்வேருக்கு உதவும், எல்லாவற்றுக்கும் இல்லை. புது குரோம் என்று எனக்குப் போட்டுக் கொடுத்தது குரோமே இல்லை, பழைய விண்டோஸுக்காகச் செய்த சூப்பர்மியம் என்ற பிரவுசர். இரண்டுமே இலவசம். இலவசமானதுக்கு என்னிடம் 7,500 ரூபாய்!

போன் பண்ணினால் முதல் நாள் "சர்வீஸ் பையன் லீவு". அடுத்த நாள் "டிரைவரை மெஷின் கம்பெனிகிட்ட கேளுங்கண்ணா". அதற்கடுத்து "பழைய சிஸ்டம், நாங்க என்ன பண்றது". அப்புறம் எடுக்கவே இல்லை.

நேற்று நேரே போனேன். அவன் உள்ளே போன நேரத்தில் அக்கா பெண் சொல்லிக் கொடுத்தபடி அதே கடை கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயோடு ஆர் தட்டி, 'வின்வர்' (winver) என்று அடித்தேன், உள்ளே ஓடுவது எந்த விண்டோஸ் என்று அது காட்டிவிடும். விண்டோஸ் 10 என்று வந்தது. செவன் மாதிரி வேஷம் போட்ட விண்டோஸ் 10! வெளியே வந்தவனிடம் காட்டினேன், முகம் ஒரு நொடி மாறியது, அவ்வளவுதான். "டெமோவுக்கு வைச்சிருக்கோம்ணா, உங்க வேலை முடிச்சுதானே கொடுத்தோம்" என்கிறான். பணத்தைக் கேட்டால் பில்லைக் காட்டச் சொல்கிறான். அவன் கொடுத்தது ஒரு வெள்ளைச் சீட்டு, கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கப் போகிறேன், 7,500 ரூபாயை விடப்போவதில்லை.

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டெமோ காட்டினால் வின்வர் அடிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் ஃபைலையும் டிரைவரையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள், முழுப் பணத்தை முதலிலேயே கொடுக்காதீர்கள். விண்டோஸ் 7-க்கான சப்போர்ட் 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது, மெஷினுக்காக வைத்திருந்தால் நெட்டைப் பிடுங்கிவிட்டு, நெட் வேலைக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, இனி இதே மாதிரி அதையும் வைத்து ஏமாற்ற வருவார்கள்.

2012 வாக்கில் வாங்கிய யுஎஸ்பி கட்டிங் மெஷினோடு வந்த டிரைவர் சிடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாடல் நம்பர் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஸ்டாண்டுக்கு 22 ஆட்டோ ஸ்டிக்கர் வெட்டித் தரவேண்டும்.